யாழ்ப்பாணம் சைக்கிளுக்கு ஏற்ற நகரமோ? எதை வச்சு அளக்கிறது?

கந்தர்மடத்தான்:
உலக நகரங்களைச் சைக்கிளுக்கு எவ்வளவு ஏற்றது எண்டு பார்த்து வரிசைப்படுத்துற கோப்பன்ஹேகனைஸ் சுட்டெண் 2011ல துவங்கினது. 2019 பட்டியல்ல கோப்பன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம், உத்ரெக்ட் முதல் மூண்டு இடம். சைக்கிளுக்குத் தனிப்பாதை, தரிப்பிடம், எத்தினை வீதம் பேர் சைக்கிள் ஓடுகினம், அதில பொம்பிளையள் எத்தினை, வாகன வேகத்தைக் குறைக்க என்ன செய்திருக்கு எண்டெல்லாம் பார்த்துப் புள்ளி போடுவினம். அதே படிவத்தை எங்கட ஊருக்கும் நிரப்பி மாநகர சபையிட்டக் குடுப்பம். கையில ஒரு இலக்கம் இல்லாமல் போய் நிண்டு காசு கேக்கேலாது.

கரியர்க்காரன்:
தம்பி, 2019 பட்டியல் பெரும்பாலும் ஆறு லட்சத்துக்கு மேல சனம் உள்ள நகரங்களுக்கு எண்டு செய்தது. 2012 கணக்கெடுப்பில எங்கட மாநகர எல்லைக்குள்ள ஒரு லட்சம் பேரே இல்லை. அதோட, தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருக்கேக்க குடாநாடே சைக்கிள்லதான் ஓடினது. விறகு, மரக்கறி, ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி எல்லாம் கரியர்ல. ஒரு அடி தனிப்பாதை இருந்ததோ? அந்தப் படிவத்தில பாதைக்குச் சைபர்தான் விழும். காலமை சந்தியில நிண்டு போற சைக்கிளை எண்ணினால் போதும்.

கோண்டாவில் அம்மா:
அண்ணை, அப்ப ஓடினது வேற வழி இல்லாமல். 2022ல பெற்றோலுக்கு வரிசையில நிக்கேக்கயும் எல்லாரும் சைக்கிளைத் துடைச்சு எடுத்தவை. உங்கட எண்ணிக்கை பெற்றோல் தட்டுப்பாட்டைத்தான் அளக்கும், றோட்டை இல்லை.

பலாலி வீதியில தின்னவேலிச் சந்தையடியை எடுங்கோ. கரை வெள்ளைக் கோட்டுக்கு உள்ளுக்க மோட்டச்சைக்கிள் வரிசையா நிக்கும், அதுக்குப் பக்கத்தில ஒரு ஓட்டோ. சைக்கிள்ல வாற பிள்ளை வெளியால வெட்டி எடுக்கோணும். அந்த நேரம் பார்த்துப் பின்னால பஸ்காரன் கோர்ன் அடிப்பான். என்ர மகள் இந்த இடத்தாலதான் சைக்கிளை விட்டவள். சந்தியில நிண்டு எண்ணுற ஆளுக்கு அவள் தெரியமாட்டாள்.

2012ல அமெரிக்காவில மெக்குரியா, ஃபேர்த், நிக்சன் எண்ட மூண்டு பேர் சான் ஹோசே நகரத்தை வச்சு ஒரு முறை எழுதினவை. வாகன வேகம், எத்தினை நிரையா வாகனம் ஓடுது, கரையில வாகனம் நிக்குதோ எண்டு பார்த்து றோட்டை நாலு மட்டமாப் பிரிக்கிறது. முதலாவது பிள்ளையளும் ஓடக்கூடியது, நாலாவது ஒண்டுக்கும் பயப்பிடாத ஆக்களுக்கு மட்டும். முழுப் பாதைக்கும் அதில உள்ள ஆக மோசமான துண்டின்ர மட்டம்தான். எனக்கு வேண்டியது இந்தக் கணக்கு.

கந்தர்மடத்தான்:
அக்கா, அதில சைக்கிள் தரிப்பிடம் வராது, சபையின்ர கொள்கையும் வராது. ஜேர்மனியில ஏடிஎஃப்சி எண்ட சைக்கிள்காரர் சங்கம் சைக்கிள் ஓடுற ஆக்களிட்டையே கேட்டு, அங்கத்தைப் பள்ளிக்கூடத்தில மாதிரி 1 (ஆக நல்லது) தொடக்கம் 6 (ஆக மோசம்) வரை புள்ளி போடுவிக்குது. அதைச் செய்யலாமே?

கோண்டாவில் அம்மா:
அதிலயும் ஓடுறவைதானே கூட வந்து பதில் சொல்லுவினம், தம்பி. விட்டவையை ஆர் கேக்கிறது?

கரியர்க்காரன்:
பிள்ளை, எங்களுக்கு ஒழுங்கையள் இருக்கு. நிலமும் மேடு பள்ளம் இல்லை. கோண்டாவில்ல இருந்து நல்லூர் மட்டும் பெரிய றோட்டைக் கூடுமானவரை தொடாமல் வரலாம். வெளிநாட்டுக்காரன்ர அளவுகோலுக்கு ஒழுங்கை எண்டால் என்னெண்டு தெரியுமோ?

கோண்டாவில் அம்மா:
தெரியும், அண்ணை. ஒழுங்கைக்கு முதலாம் மட்டம்தான் கிடைக்கும். ஆனால் ஒழுங்கை முடிஞ்சு பெரிய றோட்டைக் குறுக்கறுக்கிற இடத்தையும் அந்த முறை பார்க்குது. சிக்னல் இல்லாத இடத்தில வாகனம் வேகமா வந்தால் மட்டம் ஏறும். எங்கட ஒழுங்கையள் அங்கதான் அறுந்துபோகுது. முதல்ல அந்தக் குறுக்கறுப்புகளைப் படத்தில குறிப்பம். எங்க வேகத்தடை, எங்க சிக்னல் எண்டு இடம் காட்டிக் கேக்கலாம். மொத்தப் புள்ளியை வச்சுக்கொண்டு எந்தச் சந்தியைத் திருத்துறது?

கரியர்க்காரன்:
படம் கீறுங்கோ, நல்லது. எண்ணிக்கையை விடமாட்டன். காலமை ஆறரை தொடக்கம் ஏழரை, பள்ளிக்கூட உடுப்போட போறவையைப் புறம்பா, பொம்பிளைப் பிள்ளையளைப் புறம்பா எண்ணுவம்.

கோண்டாவில் அம்மா:
அப்ப ரியூசன் விட்டு இருட்டினாப்பிறகும் ஒருக்கா எண்ணோணும். ரெண்டு கணக்கையும் பக்கத்தில பக்கத்தில போடுங்கோ. பரமேஸ்வராச் சந்தியில நிக்க நான் வாறன்.