இலையே இல்லாத இந்தச் செடி புல்லா, கோரையா?

வறள்காடன்:
மேற்கு ஆஸ்திரேலியா மணல்வெளி போட்டோ ஒண்ணு பாத்தேன், முழுக்க விறைப்பான குச்சி குச்சியா கொத்தா நிக்குது, உச்சியில மட்டும் பழுப்பு கலர்ல சின்ன கதிர். கீழ எக்டியோகோலியேசினு ஃபேமிலி பேர் போட்டிருந்துச்சு. இலையைக் காணோம், காஞ்சுபோன கோரைன்னுதான் நெனச்சேன். மொத்தமே மூணு ஸ்பீஷிஸ்தானாம், அதுக்கு எதுக்குங்க தனி ஃபேமிலி?

கணுப்பித்தன்:
காஞ்சதெல்லாம் இல்ல, உயிரோடதான் இருக்கு. கரும்புத் தோகையை உரிச்சிருக்கீங்களா, கீழ தண்டைச் சுத்தி ஒரு உறை, அதுக்கு மேல நீட்டமா இலை, இல்லையா? இதுல அந்த நீட்டுப் பகுதியே கெடையாது, கணுவுல உறை மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கும். வெயில்ல சாப்பாடு பண்ற வேலையைப் பச்சையா இருக்கற தண்டே பாத்துக்குது. அங்க மழை குளிர்காலத்துலதான், கோடை பூரா வறட்சி, அகலமா இலையை விரிச்சு வச்சா தண்ணி அத்தனையும் ஆவியாப் போயிடும்.

தனி ஃபேமிலி கதை: 1874ல முல்லர்ங்கற தாவரவியலாளர் இதுல எக்டியோகோலியாங்கற ஜீனஸுக்கு (பேரினம்) பேர் வச்சப்புறம் ரொம்ப நாள் ரெஸ்டியோங்கற கோரை மாதிரி செடிங்களோட குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க, 1965ல கட்லர், ஏரி ஷாங்கற ரெண்டு தாவரவியலாளருங்கதான் பிரிச்சாங்க. ரெஸ்டியோல பெரும்பாலும் ஆண் செடி வேற பெண் செடி வேற, இதுல ஒரே கதிர்லயே ரெண்டு பூவும் இருக்கும். 1998ல ஜார்ஜாந்தானு இன்னொரு ஜீனஸ் வந்துச்சு, அலெக்ஸ் ஜார்ஜ்ங்கற அந்த ஊர் தாவரவியலாளர் பேர்ல. அதுக்கு ஆறு மகரந்தத் தாள், எக்டியோகோலியாவுக்கு நாலு.

சருகு:
இலை இல்லாம எப்படின்னு ஆச்சரியப்படறவங்க சவுக்கு ஊசி ஒண்ணைக் கிள்ளி கணு கணுவா இழுத்துப் பாருங்க. அது இலையே இல்ல, கிளை. மூட்டுல பல்லு பல்லா தெரியுதே, அதான் இலை. சொந்தம் இல்ல, ஆனா அதே டெக்னிக்.

நடுராத்திரி_வாசகி:
முக்கியமானத யாருமே சொல்லலையே! டிஎன்ஏ ஆராய்ச்சிப்படி நெல்லு, கோதுமை, மூங்கில்னு சுமார் 12,000 ஸ்பீஷிஸ் இருக்கற புல் குடும்பத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் இதுவும் ஜாய்ன்வில்லியேசியும்தான். அந்த ஜாய்ன்வில்லியா மலேயாவுலேர்ந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் ஈரமான எடத்துல பனங்கன்னு மாதிரி மடிப்பு மடிப்பா பெரிய இலையோட வளருது. ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படி. புல்லோட பூர்வீகத்தைத் தோண்டறவங்க இந்தக் குச்சிகளை விடாம பிடிச்சிக்கறது அதனாலதான். ஆக புல்லும் இல்ல, கோரையும் இல்ல, புல்லுக்குப் பெரியப்பா வீடு.

வறள்காடன்:
அடேங்கப்பா. இதைத் தொட்டியில வளக்க முடியுமா?

கணுப்பித்தன்:
நான் வளத்ததில்ல. ஆனா அந்த மண்ணுல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி, அங்க இருக்கற பாங்சியாங்கற செடிக்கே சாதாரண உரம் போட்டா செத்துப்போகும். விதை கெடச்சாலும் முதல்ல உர மூட்டையைத் தூரமா வைங்க.