அக்வாவுக்கு 0டபிள்யூ-20 ஆ, 20டபிள்யூ-50 ஆ? நம்ம ஊர் வெயிலுக்கு எது சரி?

உப்புவெளியான்:
அண்ணாமார், ஜப்பானில் இருந்து வந்த 2014 டொயோட்டா அக்வா ஒன்று கைமாற்றி வாங்கியிருக்கிறேன். ஒயில் மாற்ற வேண்டும். கராஜ் பாஸ், "திருகோணமலை வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணீர் மாதிரி, என்ஜின் தேய்ந்துவிடும், 20டபிள்யூ-50 ஊற்று" என்கிறார். கையேடு முழுக்க ஜப்பான் மொழி, ஒன்றும் விளங்கவில்லை. ஓடுவதெல்லாம் டவுனுக்குள்தான், எப்போதாவது கொழும்பு. எதை ஊற்றலாம்?

சீனக்குடா மெக்கானிக்:
தம்பி, பொனட்டைத் திறந்து ஒயில் ஊற்றும் மூடியைப் பாரும், பெரும்பாலும் அதிலேயே கிரேட் அடித்திருக்கும். இந்த 1.5 லீற்றர் என்ஜினுக்கு டொயோட்டா சொல்வது 0டபிள்யூ-20. வெயில் கதையை விடும். வெளியே 35 பாகை என்றாலும் பனி கொட்டினாலும் தெர்மோஸ்டட் என்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். பின்னால் வரும் இலக்கம் 100 பாகையில் ஒயிலின் தடிப்பு: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு), 50 என்றால் 16.3க்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த என்ஜினில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ ஒயில் அமுக்கத்தில்தான் வேலை செய்கிறது, அதன் வழிகள் ஒடுக்கம். ஹைபிரிட் வேறு, ஓடும்போதே என்ஜின் நின்று நின்று ஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் ஒயில் சட்டென்று மேலே ஏற வேண்டும். தடித்த ஒயிலுக்குப் பெற்றோலும் கூடக் குடிக்கும்.

பழைய கொரோலா:
பாஸை ஒரேயடியாகக் குறை சொல்லவும் வேண்டாம். என்னுடைய 90களின் கொரோலா வருடக்கணக்காக 20டபிள்யூ-50 இல்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. அவர் கைபட்ட வாகனங்கள் அந்தக் காலத்தவை. சரி, அக்வா ஒயில் குடிக்கிற வண்டியாக இருந்தால்?

சீனக்குடா மெக்கானிக்:
அப்படியென்றால் 5டபிள்யூ-30க்கு ஒரு படி ஏறலாம், 50க்குத் தாவ வேண்டாம். முன்னால் வரும் இலக்கம் குளிருக்கு, 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 35 பாகையில் சோதிப்பார்கள், அந்தக் குளிர் நுவரெலியாவிலும் இல்லை, அதனால் 0, 5 சண்டை நமக்குத் தேவையில்லை. குடிக்கிறதா என்று அறிய, சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

கிண்ணியா வான்காரன்:
கேனில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரத்தையும் பாருங்கள், எஸ்என் அல்லது 2020இல் வந்த எஸ்பி. மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டாம், அது கிளட்ச்சுக்கும் சேர்த்துச் செய்தது. பில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர் போகும், 4 லீற்றர் கேன் ஒன்று காணும். டவுனுக்குள் குறுகிய ஓட்டம்தான் கெடுதல்: ஒயில் நன்றாகச் சூடாகாமல் ஈரமும் பெற்றோலும் அதிலேயே தங்கிவிடும். அதனால் கேனில் 10,000 கிலோமீற்றர் என்று போட்டிருந்தாலும் 5,000இல் அல்லது ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். அப்புறம், சீல் உடைக்காத கேனாக வாங்குங்கள். லங்கா ஐஓசி ஒயில் கலக்கும் ஆலையை ஊரிலேயே வைத்துக்கொண்டு பரலில் இருந்து அளந்து ஊற்றும் ஒயிலை ஏன் வாங்குகிறார்களோ!

உப்புவெளியான்:
மூடியில் 0டபிள்யூ-20 என்றே இருக்கிறது! நானே கேன் வாங்கிக்கொண்டு போனால் பாஸ் கோபிக்க மாட்டாரா?

பழைய கொரோலா:
கூலியைக் குறைக்காமல் கொடும், கோபிக்க மாட்டார். சீலை மட்டும் உமக்கு முன்னால் உடைக்கச் சொல்லும்.