அடித்துத் துரத்தியும் ஊரை விட்டுப் போகாத கிறிஸ்தவ ஊழியர்கள்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

நாசரேத் மருமகள்:

உத்தரப் பிரதேசத்தில் எங்கள் சேகரம் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) காணிக்கை அனுப்பித் தாங்குகிற ஒரு பணித்தளம். எந்த மாவட்டம் என்று எழுத மாட்டேன், அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டு ஜெபத்துக்குள் கும்பல் புகுந்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். வீடியோ எடுப்பார்கள், மதம் மாற்ற ஆளுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்பார்கள், கடைசியில் போலீஸ் வந்து ஊழியரைத்தான் ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கும் அதேதான். சனம் பின்வாசல் வழியாகக் கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

நான் சொல்ல வந்தது செருப்பைப் பற்றி. வாசலில் கிடந்ததையெல்லாம் ஊழியரின் மனைவி (நம்ம சாத்தான்குளம் பக்கம்தான்) ஜோடி சேர்த்து உரச்சாக்கில் போட்டுக் கட்டினார். ஸ்டேஷனுக்குப் போகலையா அக்கா என்றேன். "வக்கீல் போயிருக்காரு. நான் போனா என்னையும் உக்கார வச்சிருவாங்க, அப்புறம் இதை யாரு கொண்டு போய்க் கொடுப்பா?"

மறுநாள் விடியற்காலையில் சாக்கோடு கிளம்பினார், நானும் கூடப் போனேன். யாராவது மறித்தால் சொல்லக் காரணம் இருக்கிறதல்லவா, செருப்பைக் கொடுக்க வந்தோம். ஒவ்வொரு வாசலிலும் செருப்பை வைத்துவிட்டு, நின்றபடியே இரண்டு வரி ஜெபம். ஒரு வீட்டில் அந்த அம்மா வெறுங்காலோடு வெளியே வந்து, இது எங்களுடையது இல்லை என்றார். முந்தின நாள் அவர் அதைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று சாக்கில் திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். வழியிலும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் அந்த ஊக்கு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஐயா ஜாமீனில் வந்த வாரமே ஆராதனை நடந்ததாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

லாரியில் போனவன்:

ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், காணோம். 2008 ஆகஸ்ட் 23 அன்று விசுவ இந்து பரிஷத் தலைவரான சாமியார் லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் நாங்கள்தான் செய்தோம் என்றார்கள், எரிந்தது கிறிஸ்தவர்களின் வீடுகள். தெரிந்த கதைதான். நாங்கள் போர்வையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஜி.உதயகிரி பக்கம் முகாமுக்குப் போனது அதற்கடுத்த தை மாதம். குளிர் எலும்பைத் துளைத்தது.

ஒருவர் போர்வை வாங்கக் கையை நீட்டினார், முழங்கை வரை மஞ்சள். அந்த மலையில் காசு பார்க்கிற பயிர் மஞ்சள்தான். இந்துவாகத் திரும்பி வா, இல்லையென்றால் ஊருக்குள் காலை வைக்காதே என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. ராத்திரியில் மலையேறிப் போய், சொந்த நிலத்திலேயே களவாணி மாதிரி மஞ்சள் தோண்டிக்கொண்டு, விடிவதற்குள் முகாமுக்கு வந்துவிடுவார். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கூட வந்த பையனை ஒடியாவில் கேட்கச் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மா இருக்கிறாள், இன்னொன்று தருவீர்களா என்றார்.

ஊர்க்காரன் சொன்னபடி ஒரு தாளில் பெருவிரலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே, ஏன் வைக்கவில்லை? அதுதான் நான் கேட்க நினைத்தது. கேட்டிருந்தாலும் அந்தப் பையன் மொழிபெயர்த்திருக்க மாட்டான். அவன் வீடும் எரிந்திருந்தது.

பாளை பெரியவர்:

தம்பி, கந்தமாலை மதச் சண்டை என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். அங்கே பாணோ மக்களுக்கும் கந்தா பழங்குடியினருக்கும் இடையே நிலத் தகராறும் இட ஒதுக்கீட்டுத் தகராறும் வெகுகாலமாக உண்டு. பாணோ பட்டியல் சாதி. கிறிஸ்தவர் ஆனால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்த உரிமை போய்விடும். பழங்குடியினர் மதம் மாறினால் அவர்கள் உரிமை போகாது. இதைச் சொல்லாமல் சாட்சி மட்டும் சொன்னால் எப்படி?

தலைப்பே எனக்குச் சரியாகப் படவில்லை. 1799-ல் நம்ம பக்கத்து முதலூர் எப்படி உண்டானது? வேதத்துக்கு வந்தவர்களை, அதாவது கிறிஸ்தவர் ஆனவர்களை, இருக்க விடாமல் துரத்தியபோது, ஊழியர் தாவீது சுந்தரானந்தம் வேறு நிலம் பார்த்துக் குடியேற்றிய ஊர்தானே அது. அவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள். விசுவாசத்தில் குறைந்தவர்களா?

என் அனுபவம் சின்னது. பக்கத்துச் சேகரத்துக்கு வந்த குருவானவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். முன்வரிசைக் குடும்பம் ஒன்று அவர் கையால் இராப்போஜனம் வாங்காது. அந்த ஞாயிறு மட்டும் காரை எடுத்துக்கொண்டு வேறு ஊர்க் கோயிலுக்குப் போய்விடும். அவர் மாற்றலாகிப் போகும்வரை, வீடு சந்திக்கும்போது அந்த வீட்டையும் விடாமல் போனார். உள்ளே கூப்பிட மாட்டார்கள். வெளிக்கதவைப் பிடித்தபடி, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சைக்குப் பெயர் சொல்லி ஜெபிப்பார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

என் மைத்துனர் மத்தியப் பிரதேசத்தில் ஊழியம் செய்கிறார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட கேரல் போன பிள்ளைகளோடு சேர்த்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் ராத்திரி முழுக்க, பிடுங்கின கிட்டாருக்கு ரசீது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். காலையில் எரிச்சல் தாங்காமல் கிட்டாரையே கொடுத்துவிட்டார்கள், ஒரு தந்தி இல்லை.

இதில் பாடம் உண்டு. பணித்தளங்களைத் தாங்குகிறவர்கள் காணிக்கை அனுப்புவதோடு நின்றுவிடாமல் சட்டமும் தெரிந்துகொள்ள வேண்டும். கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. கும்பல் முன்னால் வசனம் பேசி வாதாட வேண்டாம், அதை வெட்டி ஒட்டி வீடியோ போடுவார்கள். நம் ஆளும் ஒருவர் படம் எடுத்து உடனே வேறு போனுக்கு அனுப்பிவிட வேண்டும். உ.பி.யின் 2021 மதமாற்றத் தடைச் சட்டத்தில், மதமாற்றம் கட்டாயத்தால் நடக்கவில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். ஆகவே அரிசி, ஸ்கூல் பீஸ் என்று எதையும் ஜெபம் நடக்கிற இடத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள், ஆசை காட்டினான் என்று எழுதிவிடுவார்கள். மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-லேயே ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மேடையில் இத்தனை பேர் மாறினார்கள் என்று ஆத்தும எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படுகிற நம் ஆட்கள் இதை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை யூட்யூபில் ஏறினால் அங்கே களத்தில் இருக்கிறவனுக்குத்தான் அடி விழும்.

மட்டக்களப்பு வாசகி:

2019 ஈஸ்டர் ஞாயிறு இங்கே சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பு எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள்தான் கனபேர் போனவை. நான் சொல்வது வேறு ஒரு சபை. அதற்குப் பிறகு வாசலில் பை சோதிப்பது, பிறகு பையே கொண்டுவரக் கூடாது என்றது. அன்று காயப்பட்ட ஒரு அக்காதான் அங்கே பிள்ளைகளை உள்ளே எடுப்பார். ஒரு சின்னப் பெடியன், கார்ட்டூன் போட்ட புதுப் பையோடு வந்து, ஏன் அன்ரி கொண்டுபோக ஏலாது என்று அழத் தொடங்கிவிட்டான். அக்கா குனிந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு இதை நான் கொண்டு திரியிறன்" என்று அப்படியே கேட்டில் நின்றா. தகப்பன்மார் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி நின்றார்கள். நானும்தான்.

குமாஸ்தா ஐயா, உங்கள் கிட்டார் கதையை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

லாரியில் போனவன்:

பெரியவர் ஐயாவுக்கு: நிலத் தகராறு இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலம் மட்டும்தான் காரணம் என்றால், மொட்டை போட்டுச் சடங்கு செய்துகொண்டால் ஊருக்குள் விடுகிறோம் என்று ஏன் சொன்னார்கள்? அப்படி மொட்டை போட்டுக்கொண்டவர்களும் அதே முகாமில் இருந்தார்கள், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்.

முதலூர்க் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். போனவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனெரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவையும் அதே கணக்கில் வைக்க முடியாது. 1999 ஜனவரியில் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். அந்த அம்மா 2004 வரை ஒடிசாவில்தான் இருந்தார். பாரிபதா தொழுநோய் இல்லத்தில் இருந்தவர்களை எந்த முதலூருக்குக் கூட்டிக்கொண்டு போவது? சொல்லுங்கள்.