நட்சத்திர ஹோட்டலில் நம் ஊர்ச் சாப்பாடு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பாமணியாறு (மன்னார்குடி)

மூன்று மாதமாகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு எழுபது முடிந்தது. பீமரத சாந்தி எல்லாம் வேண்டாம், வீண் செலவு என்றுவிட்டார். நல்ல இடத்தில் ஒரு வேளை சாப்பிடவாவது வாருங்கள் என்று வற்புறுத்தித் திருச்சியில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரியும்: மங்கிய விளக்கு, துணி விரித்த மேஜை, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வீணை. மெனுவில் டெல்டா விருந்து என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் தூயமல்லி என்ற பாரம்பரிய ரக அரிசிச் சோறு. ஆசையாக அதைச் சொன்னவன் நான்தான். அப்பா சம்பா பட்டத்தில் வருடம் தவறாமல் ஒரு ஏக்கர் தூயமல்லி போடுகிறவர்.

சோறு வந்தது. குழம்பை ஊற்ற வந்த கையை அப்பா தடுத்தார். நாலு பருக்கையை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, ஒன்றைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார். மற்றதை வாயில் போட்டு மென்றார். பிறகு பரிமாறிய பையனை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, இது தூயமல்லி இல்லை. பொன்னி” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. வயலில் களையைக் காட்டி ஆளிடம் சொல்வாரே, அந்தக் குரல். பையன் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பினார்கள். நான், “விடுங்கள் அப்பா, சாப்பிடுங்கள்” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். காரில் வடுவூர் ஏரி தாண்டும் வரை பேசவில்லை. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2545 ரூபாய். அங்கே அந்த ஒரு கிண்ணச் சோறு 350 ரூபாய். அந்தக் கணக்கைக்கூட மறந்துவிடுவேன். அரிசியைப் பற்றி அந்தக் கூடத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகம் தெரிந்த மனிதரின் வாயை நான் அடைத்தேன்.

அரசலாறு (கும்பகோணம்)

உங்கள் அப்பாவுக்குச் சோறு, என் அத்தைக்கு இலை. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஹோட்டல். இலையின் நுனி வலப்பக்கம் வரும்படி போட்டுவிட்டார்கள். அத்தை உட்காரவே இல்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நுனி இடப்பக்கம்தான் வர வேண்டும். இதில் சாஸ்திரம் மட்டுமில்லை, சோறு பிசைகிற கைக்கு அகலமான இடம் வேண்டும். உப்புக்கும் ஊறுகாய்க்கும் குறுகிய பக்கம் போதும். நான் சொன்னதும் சரி செய்ய வந்தார்கள். ஆனால் இலையைச் சுற்றி வைக்காமல் அப்படியே புரட்டிப் போட்டதில் அடிப்புறம் மேலே வந்துவிட்டது! அத்தை எதுவும் சொல்லாமல் தானே அதை எடுத்துத் திருப்பி, தண்ணீர் தெளித்து, கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த ஊழியர் எங்கள் பக்கத்துப் பையன்தான், பேச்சிலேயே தெரிந்தது. வாழைக்கொல்லைக்கு நடுவே பிறந்த பிள்ளைக்கு இலை போடச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது நாம்தான் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் வெற்றிலையும் காம்பு கிள்ளாமலே வந்தது.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

என் அம்மா முப்பது வருடம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர். போன மே மாதம், முதல் சம்பளத்தில் அவரை ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனேன். ஐஸ் பரப்பிய தட்டில் ஒரு முழுக் கொடுவாவை வைத்து மேஜைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். இன்று காலை நாகையில் இறங்கியது என்றார் ஊழியர். செவுளைத் தூக்கிப் பார்க்க அம்மா விரலை நீட்டினார். அவர் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “தொடக் கூடாது அம்மா” என்றார். அம்மாவின் விரல் அப்படியே மேஜைக்கு மேலே நின்றது. பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார், சாப்பாடு வரும் வரை வெளியே எடுக்கவில்லை.

தன்னிடம் மீன் வாங்க வந்த ஒருவரிடமாவது என் அம்மா அப்படிச் சொன்னதில்லை. “தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இல்லையென்றால் வாங்காதீர்கள்” என்று அவரே சொல்வார். அதோடு, மே மாதம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நாகையில் படகு கடலுக்குப் போகாதே, காலையில் எங்கிருந்து மீன் இறங்கும்? முகத்துக்கு நேரே பொய்.

வெட்டாறு (நாகூர்)

கடுவையாறு சொல்வதில் பாதிதான் சரி. தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் அந்த நாட்களிலும் கரையோரம் போய்த்தான் வருகின்றன. 2001-இல் தடை வந்தபோது 45 நாள், 2017-இலிருந்து 61 நாள். அந்த இரண்டு மாதமும் ஊரில் மீனே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம், நாம் சொல்லலாமா? அதுவும் கொடுவா முகத்துவாரத்திலேயே கிடைக்கிற மீன், குட்டைகளிலும் வளர்க்கிறார்கள். அது காலையில் பிடித்ததாகவே இருக்கலாம். பார்க்காத செவுளை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்வது நியாயமில்லை.

என்னுடையது சின்ன விஷயம். எனக்குத் தமிழ் சொல்லித்தந்த வாத்தியாரை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். அந்த இருட்டில் மெனுவில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து, வாசல் விளக்கருகே போய் நின்றுகொண்டு முழுவதையும் படித்துவிட்டு வந்தார். எண்பது வயது மனிதர். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

செவுளைக் காட்டியிருந்தால் நான் ஏன் பொய் என்று சொல்லப்போகிறேன்?

கொள்ளிடம் (சீர்காழி)

மாமனார் வீட்டார் ஆறு பேரோடு சாப்பிட்டோம். பில்லில் சேவைக் கட்டணம் 10 சதவீதம் போட்டிருந்தது. அவர்கள் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டேன். அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து பில்லைப் படியுங்கள். சேவைக் கட்டணம் கட்டாயமில்லை. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஜி.எஸ்.டி. வேறு, அது வரி, கொடுத்தே ஆக வேண்டும். சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். நாளுக்கு 7500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். பார் இருக்கிற ஹோட்டலில் யாராவது மது வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். ஆகவே அதன் விலையையும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பாமணியாறு, ஒரு ரகத்தின் பெயரைச் சொல்லி வேறு ரகத்தைக் கொடுத்தது உண்மையென்றால், 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது நியாயமற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. பில்லை வைத்திருக்கிறீர்களா? மெனுவைப் படம் எடுத்தீர்களா?

பாமணியாறு (மன்னார்குடி)

நன்றி. பில் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் தேடவும் போவதில்லை. புகார் கொடுத்தால் அது பொன்னியா தூயமல்லியா என்பது தீரும். “விடுங்கள் அப்பா” என்றவன் நான் அல்லவா?

குடமுருட்டி (பாபநாசம்)

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவன். ஐந்து வருடம் தஞ்சாவூரில் பரிமாறும் வேலை. பாமணியாறு, அந்தப் பையன் உங்களைப் பார்த்ததற்குக் காரணம் சொல்கிறேன். அரிசி மூட்டை எங்கிருந்து வருகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பணம் கொடுப்பவர் யாரோ அவர் முகத்தைப் பார்த்து நடந்துகொள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அப்பா கேட்பதை விசாரியுங்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சமையலறைக்கு ஓடியிருப்பான். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அடுத்த முறை சொல்லுங்கள்.

விருந்தினரை முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் எங்கள் பாடம். ஒரு நாள் எங்கள் ஊர்ப் பெரியவர், என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர், மகனோடும் மருமகளோடும் வந்தார். என்னைக் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் கோட்டையும் மார்பில் இருந்த பெயர்ப்பட்டையையும் பார்த்துவிட்டு, “வணக்கம் சார்” என்றார். என்னை! நானும், “வணக்கம் சார்” என்றேன்.

அவருக்குக் கரண்டி பிடிபடவில்லை. மீன் துண்டு இரண்டு முறை வழுக்கித் துணியில் விழுந்தது. மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றுவது போலக் குனிந்து, “மாமா, கையால் சாப்பிடுங்கள்” என்றேன். கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். என் பக்கம் தலையைத் திருப்பாமலே, “நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டார். அதற்குள் அடுத்த மேஜையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.