பிள்ளையின் பள்ளிக் கட்டுரை: அம்மப்பாவின் டி-4 தாள்களைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: மோர்னிங்சைட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. தை மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்பதால், உங்கள் குடும்பம் கனடாவுக்கு என்ன கொடுத்தது என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். இணையத்தில் தேடினால் 2011-இல் நாடாளுமன்றம் போன ராதிகா சிற்சபைஈசன், பிறகு 2015-இல் கெரி ஆனந்தசங்கரி என்று பெயர்கள் வருகின்றன. அவர்களால் எனக்கும் பெருமைதான். ஆனால் அது எங்கள் வீட்டுக் கதை இல்லையே.

அப்பா 1987 மார்கழியில் ஒரு மெல்லிய ஜக்கெட்டோடு ரொறன்ரோவில் வந்து இறங்கியவர். 29 வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு சலாட் மேசை, அப்புறம் அடுப்படி. போன வருடம் காலமானார். அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் தகரம் கிடைத்தது. உள்ளே 28 டி-4 தாள்கள் (சம்பளமும் அதில் பிடித்த வரியும் எழுதி வேலை கொடுத்தவர் வருடாவருடம் தருகிற தாள்), வருட வரிசைப்படி அடுக்கி ரப்பர் பட்டி போட்டபடி. 1988-க்கு மட்டும் இல்லை. அந்த வருடம் வேலை செய்த இடத்தில் சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுத்தார்களாம். கடைசி ஆறு கிழமைக் காசு வரவேயில்லை என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார். அப்பா எங்களிடம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

மகள் தகரத்தைப் பார்த்துவிட்டு, "இது அம்மப்பா கனடாவுக்குக் கொடுத்ததா, கனடா அம்மப்பாவுக்குக் கொடுத்ததா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காலத்தில் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பதில்: பழைய அடுப்படி

தங்கச்சி, உங்கள் அப்பா செய்த வேலையை நானும் 17 வருடம் செய்தவன். 1990-இல் வந்தேன்.

ஏன் சமையலறை என்று பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை முடியாமல் இழுபடும். ஆங்கிலம் வராது. எங்கே போனாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கோப்பை கழுவ மட்டும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஒருவன் உள்ளே போனால், அடுத்த ஆள் தேவைப்படும்போது செஃப் அவனைத்தான் கேட்பார். அவன் மச்சானைக் கூட்டிவருவான், மச்சான் ஊர்க்காரனைக் கூட்டிவருவான். 90-களில் டவுன்டவுனில் எத்தனையோ நல்ல உணவகங்களின் பின்கதவைத் திறந்தால் உள்ளே தமிழ்தான் கேட்கும். முன்பக்கம் இத்தாலியப் பெயர்ப் பலகை, அடுப்படியில் பருத்தித்துறையும் சாவகச்சேரியும்.

மெஷின் இருந்தாலும் பெரிய சட்டிகளைக் கையால்தான் தேய்க்க வேண்டும். கொதிதண்ணீர், எண்ணெய் எடுக்கிற மருந்து, பிறகு ராத்திரி ஒரு மணிக்கு இரவு பஸ்ஸுக்காகக் குளிரில் நிற்பது. விரல் மூட்டுகள் வெடித்துவிடும். பேஸ்மென்ற்றில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் கைக்கு வாஸ்லீன் பூசி, பால் பை வருகிற பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டுதான் படுப்போம்.

அடுப்புக்கு மாறியதும் ரிசோட்டோ பழக்கினார்கள். அரிசி வெந்திருக்க வேண்டும், ஆனால் நடுவில் ஒரு குருணி அளவு பல்லில் கடிபட வேண்டும். சோற்றைக் குழைய விட்டுச் சாப்பிட்ட எனக்கு அது வேகாத அரிசி. செஃப் ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி எடுத்து எனக்குத் தருவார். "இப்போதா?" என்று கேட்பார். நான் சொல்வது பிழைத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் சரியாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அடுப்பை வேறு யாருக்கும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையாட்களின் சாப்பாட்டுக்கு நாங்கள் கோழிக்கறி வைப்போம். வெயிட்டர்கள் அந்த நாளில் ஷிஃப்ட் கேட்டு வாங்குவார்கள்.

இந்த ஊர் வெளியே சாப்பிடப் பழகிய காலத்தில், ராத்திரி நின்று சமைத்துக் கழுவியவர்களில் உங்கள் அப்பா ஒருவர். முதலாளிகளுக்குப் பத்து, பதினைந்து வருடம் விட்டுப் போகாத ஆட்கள் கிடைத்தார்கள். அந்தத் துணிவில்தான் சிலர் இரண்டாவது கடையே திறந்தார்கள். பிள்ளை அதை எழுதலாம்.

டி-4 தாளில் 14-ஆம் பெட்டி சம்பளம். 16 ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டியது, 18 வேலைக் காப்புறுதி, 22 வருமான வரி. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: வடக்குவீதி

பழைய அடுப்படி அண்ணை எழுதியது அத்தனையும் உண்மை. கூட்டிப் பார்க்கிற யோசனை மட்டும் எனக்கு நெருடுகிறது. வரி கட்டியதால் அவருக்கு இங்கே இருக்கும் உரிமை வரவில்லை. உயிருக்குப் பயந்து வந்தவர் என்பதால் வந்தது. அந்த உரிமைக்கும் எங்களுக்கு முன்னால் வேறு நாட்டு அகதிகள்தான் வழக்குப் பேசினார்கள். 1985-இல் அவர்களுடைய சிங் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, தீர்மானிக்கிறவர் முன்னால் நேரில் நின்று தன் கதையைச் சொல்லும் உரிமை அகதிக்கு இருக்கவில்லை. எழுத்தில் இருந்த பத்திரங்களைப் பார்த்தே மறுக்க முடிந்தது. அந்தத் தீர்ப்பால்தான் 1989-இல், அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கிற குடிவரவு அகதிகள் சபை உருவானது. கனடாவின் சட்டத்தை மாற்றியவர்கள் அகதிகள். இதையும் பிள்ளை எழுதட்டும்.

1986 ஆவணியில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தார்கள். கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் தன் படகில் ஏற்றிக் காப்பாற்றினார். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், பிறகு மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்தது. நாடே கோபப்பட்டது. ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. 2010-இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது பெண்கள், பிள்ளைகள் உட்பட எல்லோரையும் அடைத்துவைத்தார்கள், பலரை மாதக்கணக்கில். இரண்டும் இதே நாடுதான்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2024 தையில் அரசு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு அறிவித்தபோது, வீட்டு வாடகை ஏறியதற்கு அந்தப் பொடியன்கள்தான் காரணம் என்று எங்கள் ஆட்களே கதைக்கக் கேட்டேன். போதிய வீடு கட்டாதது அந்தப் பிள்ளைகளின் குற்றமா? ஒரு பேஸ்மென்ற்றில் ஐந்து பேர் என்று அண்ணை மேலே எழுதியிருக்கிறார். இன்று அதே பேஸ்மென்ற்றில் வேறு ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை.

பதில்: இரவுஷிஃப்ட்

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2020 வசந்தத்தில் கோவிட் பரவி, ஒன்ராறியோவில் சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பும் நிலை வந்தது. எங்கள் மாடியில் வேலைக்கு நின்றவர்கள் பிலிப்பீன்ஸ், ஜமேக்கா, எங்கள் ஆட்கள். எல்லோரும் வந்தேறியவர்கள், எல்லோரும் பெண்கள்.

ஒரு இத்தாலிய அம்மா இருந்தார், 50-களில் கப்பலில் வந்தவர். மறதி நோயில் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது, இத்தாலியன் மட்டும் மிச்சம். தண்ணீர், வலி, குளிர், மெதுவாக என்று நான் அவரிடமே பன்னிரண்டு சொல் பழகினேன். "பியானோ, பியானோ" என்றால் மெதுவாக. குளிப்பாட்டும்போது நான் அதைச் சொன்னால்தான் கையைத் தளர்த்துவார். இப்போது அதே மாடியில் எங்கள் ஊர் ஐயா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் ஆங்கிலம் போய்விட்டது. நான் விடுமுறையில் நின்ற நாட்களில் அவரைக் குளிப்பாட்ட, பிலிப்பீனோப் பிள்ளை ஒருத்தி "மெல்ல, மெல்ல" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

கேட்டவர் மீண்டும்: மோர்னிங்சைட்வாசி

மூன்று பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ரிசோட்டோ பகுதியை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அப்பாவை வீட்டில் சோறு வைக்க விடமாட்டாராம். அவர் வைத்தால் அரிசி கடிபடும் என்று அம்மா அடுப்படிப் பக்கமே வர விடவில்லையாம்.

மகள் கல்குலேட்டரோடு இருந்தாள். 22-ஆம் பெட்டியைக் கூட்டிக்கொண்டு போனவள் 2003-இல் நின்றுவிட்டாள். அந்த வருடம் மட்டும் 14-ஆம் பெட்டியில் தொகை நன்றாகக் குறைந்திருந்தது. அது சார்ஸ் தொற்றுநோய் வந்த வருடம், டவுன்டவுன் உணவகங்களில் ஆட்களே இல்லை, அப்பாவை இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள் என்று சொன்னேன். அவள் 18-ஆம் பெட்டியைக் காட்டி, "அப்படியென்றால் அந்தக் காப்புறுதிக் காசை எடுத்தாரா?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் கேட்டோம். இல்லையாம். கட்டியது தன்னுடைய காசு, கேட்டால் கொடுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். அந்த இரண்டு மாதமும் விடியற்காலையில் பேப்பர் போட்டாராம்.

மகள் கூட்டலை விட்டுவிட்டு அதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.