துக்க வீட்டில் யோபுவை எங்கே தொடங்குவது, எங்கே தாண்டுவது

பைபிளில் யோபு புத்தகத்தைத் துக்க வீட்டில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நாலாம் அதிகாரத்தில். முதல் இரண்டும் யோபு சொத்தையும் பிள்ளைகளையும் பறிகொடுக்கிற கதை, ஓடிவிடும். 4-லிருந்து யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் மாறிமாறி வாதம் செய்கிறார்கள். கடைசியில் 42:7-ல் கடவுளே சொல்லிவிடுகிறார், இவர்கள் பேசியது சரியில்லை என்று. அது தெரியாமல் நடுவிலிருந்து ஒரு வசனத்தைப் பிய்த்து எடுத்தால் வினைதான்.

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" (8:7). வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் பார்த்திருப்பீர்கள். பேசுவது பில்தாத். மூன்று வசனத்துக்கு முன்னால்தான் செத்துப்போன பிள்ளைகளின் பாவத்தை யோபுவிடம் குத்திக்காட்டியிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்த அட்டையைக் கொடுக்காதீர்கள்.

வாசிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: 1, 2; பிறகு 3 முழுவதும், 26 வசனம், சத்தமாக. பிறந்த நாளையே சபிக்கிற அதிகாரம் என்று பயந்து பலர் தாண்டுவார்கள். தாண்ட வேண்டாம், அழுகிறவருக்கு அதுதான் முதலில் ஒட்டும். அடுத்து 19:23-27. பிறகு நேரே 38 முதல் 42. மிச்சத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு 2:13 போதும்: ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நண்பர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

*

மேலே சொன்னதோடு நம்ம ஊர் விஷயம் ஒன்று. மார்த்தாண்டம் பக்கம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளைக்கு வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்தபோது டிலனாய் சொன்னதும் யோபுவின் கதைதான். டிலனாய் 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படையையே பழக்கிய டச்சுக் கம்பெனி அதிகாரி. அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

வேண்டுதலுக்கு வருகிறவர்கள் பலர் தப்பாகப் பிடிப்பது இங்கேதான்: ஞானஸ்நானம் பெற்றதும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நீலகண்ட பிள்ளை 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார், 1749-ல் கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்தார்கள், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கஷ்டம் கூடத்தான் செய்தது. 2022 மே 15-ல் புனிதர் பட்டம்.

அமைதியாக உட்கார வேண்டுமென்றால் திருவிழாக் கூட்டத்தை விட்டு, சாதாரண நாளில் காலையிலேயே அந்த மலைக்குப் போங்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று மெழுகுதிரியை நிற்க விடாது. தேவசகாயத்தின் கல்லறை மலையில் இல்லை, கோட்டாறு சவேரியார் கோயிலில்.

*

ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு யோபு நீளம். சங்கீதம் 13 எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நாலு தடவை "எதுவரைக்கும்", அடுத்த இரண்டில் கேட்பது, கடைசி இரண்டில் நம்பிக்கை. கடைசி இரண்டும் வாயில் வரவில்லையா, நாலோடு நிறுத்துங்கள். அதுவும் ஜெபம்தான். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, அதையும் பைபிளில் வைத்துத்தானே இருக்கிறார்கள்? ஜெபமாலைக்காரர்கள் ஐம்பத்துமூன்று மணியையும் முடிக்க மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு பத்து போதும். செவ்வாய், வெள்ளியில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற துக்க மறைபொருள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் போனால், அல்லது சாகலாம் என்று வாயில் வந்தால், உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். வெறும் வயிறும் விழிப்பும் அதை இன்னும் மோசமாக்கும். 14416-க்குப் போன் போடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ், காசில்லை. தமிழிலும் பேசலாம், பாறசாலைப் பக்கத்து உறவினர் மலையாளத்திலும் பேசலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை "விசுவாசம் வந்தாச்சு" என்று யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். அதைப் பிசாசு என்று சொல்லவும் ஆள் இருக்கும்.