நெப்ராஸ்காவின் புல்மண் வீடுகள்: குடியேறிய குடும்பங்கள் தங்கள் உழைப்பால் மட்டுமே நிலைத்தனவா?

இளவேனில்:
1862 மே 20 அன்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் அங்கேயே வசித்துப் பயிரிட்டால் அது அக்குடும்பத்துக்கே சொந்தமாகும். கட்டணமெல்லாம் சேர்ந்தே 18 டாலர்தான். இதை அரசு அளித்த இலவசம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் புல்வெளி மாநிலமான நெப்ராஸ்காவின் பெரும்பகுதியில் வீடு கட்ட மரம் கிடையாது. ஆகவே புல்வேர் பின்னிக் கிடந்த மேல்மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக அறுத்து, அதை மண்வெட்டியால் ஏறத்தாழ மூன்றடி நீளத் துண்டுகளாக வெட்டி, புல் இருந்த பக்கம் கீழே இருக்கும்படி செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் கனம் இரண்டடிக்குக் குறையாது. விறகும் இல்லாததால், புல்வெளியில் காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணத்தையும் மாட்டுச் சாணத்தையும் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். தன் கையே தனக்குதவி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிலவளவன்:
உழைப்பை யாரும் மறுக்கவில்லை. 'மட்டுமே' என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். அந்த நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. இச்சட்டத்தின் கீழ் முதல் விண்ணப்பங்களில் ஒன்று 1863 ஜனவரி 1 அன்று நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊருக்கு அருகிலுள்ள நிலத்துக்காகப் பதிவாயிற்று. அதே ஊருக்குத் தெற்கே, பிக் புளூ ஆற்றையொட்டி, ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் இருந்தது. 1880களின் தொடக்கத்தில் அவர்கள் அதையும் இழந்து ஓக்லஹோமாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். பாவ்னி என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் அதற்கு முந்தைய பத்தாண்டிலேயே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். நிலத்தைச் சதுரங்களாக அளந்து கொடுத்தவர்கள் அரசின் அளவையாளர்கள். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி, பயிரை மட்டுமன்றிக் கருவிகளின் மரப்பிடிகளைக்கூட அரித்துத் தின்றபோது, குளிரைத் தாங்கக் கோட்டுகளையும் காலணிகளையும் வழங்கியது ராணுவம். இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் தனியுழைப்பைப் பற்றிப் பேச முடியாது.

கயல்விழி:
நீங்கள் இருவரும் வீட்டுக்கு வெளியிலேயே நின்று வாதிடுகிறீர்கள். அந்த வீட்டுக்குள் நாள் முழுவதும் இருந்தவள் பெண். கூரையும் மண்தான் என்பதால், மழை நின்ற பிறகும் அது பல மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். சமைக்கும்போது அடுப்பின் மேல் குடை பிடித்த கதைகள் குடியேறிகளின் நினைவுக் குறிப்புகளில் பதிவாகியுள்ளன. மழை இல்லாத நாளில் மண் உதிரும். சில நேரம் பாம்பும் விழும். அதைத் தடுக்க மேலே மஸ்லின் துணியை விதானம்போலக் கட்டினார்கள். மேட்டுப் பகுதிகளில் இருநூறு அடி தோண்டினால்தான் கிணற்றில் நீர் கிடைத்தது. கிணறு இல்லாதவர்கள் பல மைல் தொலைவிலிருந்து பீப்பாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. பயிர் பொய்த்த ஆண்டுகளில், அவள் கடைந்த வெண்ணெயும் அவள் வளர்த்த கோழிகளின் முட்டையும்தான் கடையில் காப்பியாகவும் சர்க்கரையாகவும் மாறின. ஆனால் மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தன் பெயரில் நிலம் கோரலாம் என்ற அதே சட்டம், கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமையைத் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுன்டியில் (மாவட்டத்தில்) சாலமன் புட்சர் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். ஒன்றில், ஒரு குடும்பம் தன் ஆர்கன் இசைக்கருவியை வெளியே இழுத்துவந்து அதைச் சுற்றி நிற்கிறது. கிழக்கே இருந்த உறவினர்கள் தன் மண்வீட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண் கேட்டுக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. உழைப்பைப் பெருமையாகப் பாடும்போது, அவளுடைய அந்தக் கூச்சத்தையும் மறக்கலாகாது.

இளவேனில்:
கயல்விழி அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். குடும்பத்தின் உழைப்பு என்று நான் எழுதியபோது பெண்ணின் பங்கைத் தனியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிலவளவன் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாடு முழுவதும் ஏறத்தாழ 40 இலட்சம் விண்ணப்பங்கள் பதிவாகி, சுமார் 16 இலட்சம் பேருக்கே பட்டா கிடைத்தது. அரசின் கை அவ்வளவு தாங்கியிருந்தால் பாதிக்கும் மேற்பட்டோர் ஏன் அந்த வழியில் பட்டா பெறவில்லை?

நிலவளவன்:
பட்டா பெறாதவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் அல்லர். தொடக்கத்தில் ஆறு மாதம் வசித்ததுமே ஏக்கருக்கு 1.25 டாலர் செலுத்தி நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருந்தது. அப்படி வாங்கியவர்கள் அந்த 16 இலட்சத்தில் வரமாட்டார்கள். தோற்றவர்களும் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் நிலைத்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்பதற்குக் கான்சஸ் மாநிலத்தின் நிகோடெமஸைப் பாருங்கள். 1877இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் முதல் குளிர்காலத்தை நிலத்தைக் குடைந்த குழிவீடுகளில் கழித்தன. உணவு தீர்ந்தபோது, வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பூர்வகுடி மக்கள் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். யாருடைய நிலம் பறிபோனதோ, அவர்களே ஊட்டினார்கள்.

கயல்விழி:
சட்டத்திலிருந்தே ஒன்றைச் சேர்க்கிறேன். ஐந்தாண்டு முடிந்ததும், தான் அங்கே வசித்துப் பயிரிட்டதாக ஒருவர் தாமே சத்தியம் செய்தால் மட்டும் போதாது. நம்பத்தக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்களே அந்தச் சாட்சிகள். அந்தக் கோப்புகள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வீட்டின் நீள அகலம், கதவு, சன்னல், உழுத ஏக்கர் என்று வரிசையாக எழுதியிருக்கும். அவற்றோடு அந்த அண்டை வீட்டார் இருவரின் வாக்குமூலமும் சேர்ந்திருக்கும்.